'ஆவன செய்க': சொல் தமிழ், தொடர் யாருடையது?

இந்திய அலுவலகங்களில் எழுதப்படும் ஆங்கில மடல்களின் இறுதி வரிகளை மட்டும் எடுத்துத் தொகுத்தால், அத்தொகுப்பில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களுள் ஒன்றாக 'டூ த நீட்ஃபுல்' என்பது இருக்கும். வேண்டுகோள், முறையீடு, நினைவூட்டு, மேலலுவலகத்திலிருந்து கீழலுவலகத்திற்குச் செல்லும் முகப்புக் கடிதம் என எதுவாயினும், சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி முடித்த பின்னரோ, சொல்லாமலே விட்ட பின்னரோ, 'அன்புகூர்ந்து வேண்டியதைச் செய்க' என்னும் பொருளில் இம்மூன்று சொற்களும் வந்து நிற்கின்றன. தமிழ் மடல்களில் அதே இடத்தில் அதே பணிக்கு நிற்பது 'ஆவன செய்க' என்பதாகும். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியாத விண்ணப்பம் முற்றுப்பெறாத விண்ணப்பமாகவே கருதப்படும் அளவிற்கு இத்தொடர் வேரூன்றியுள்ளது.

ஆட்சித்தமிழ் பற்றிய கருத்தரங்குகளில் இத்தொடர் பெரும்பாலும் பாராட்டுக்குரிய சான்றாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. பிறமொழிச் சொல் ஒன்றும் கலவாமல், இரண்டே சொற்களில், ஓசை நயத்தோடு ஆங்கிலத் தொடரின் பொருளை முழுமையாகத் தந்துவிட்டது என்பது பாராட்டுவோர் கூற்று. சொல்லளவில் இக்கூற்று மெய்யே. 'ஆ' என்னும் பகுதி, வகர எதிர்கால இடைநிலை, பலவின்பால் விகுதி ஆகியன சேர்ந்த 'ஆவன' என்னும் வினையாலணையும் பெயர் பழுதற்ற தமிழ். 'செய்க' என்னும் வியங்கோளும் அவ்வாறே. எனினும் சொற்கள் இரண்டும் தமிழாயிருத்தலால் தொடரும் தமிழாகிவிடும் என்பது ஆராயாது கொள்ளப்பட்ட முடிபு. தொடர் என்பது சொற்களின் கூட்டம் மட்டுமன்று. யார், யாரை நோக்கி, எதைச் சொல்லவும் எதை மறைக்கவும் சொற்களை நிறுத்துகின்றனர் என்பதும் அதனுள் அடங்கும். அவ்வகையில் நோக்கின், 'ஆவன செய்க' என்பது தமிழுடை உடுத்த அலுவலக ஆங்கிலம். அதன் விலையைக் கொடுப்பவர் சொற்றூய்மை பற்றி வாதிடும் அறிஞர் அல்லர். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எளியவர்.

ஆங்கிலத் தொடரின் வரவு

இத்தொடரை இந்தியர் தவறாகப் படைத்துக்கொண்ட ஆங்கிலம் என எள்ளுவோர் உளர். அவர் கூற்றுப் பிழையானது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியரே தம் மடல்களில் இயல்பாக எழுதிய தொடர் இது. கும்பினி ஆட்சியிலும் அதன்பின் முடியாட்சியிலும் எழுத்தர்களாக அமர்ந்த இந்தியர் தம் மேலாளர் எழுதியதைப் பார்த்தே எழுதினர். பின்னர் பிரித்தானியர் தம் நாட்டில் இத்தொடரைக் கைவிட்டனர். இந்திய அலுவலகம் கைவிடவில்லை. ஆகவே எள்ளலுக்குரியது ஒன்று உண்டெனின் அது இந்தியரின் ஆங்கில அறிவன்று. உடுத்தியவரே களைந்த ஆடையை இன்னும் மடித்து வைத்துப் போற்றும் பழக்கமே.

களைந்ததற்குக் காரணமும் உண்டு. அலுவலக மொழி குடிமக்களுக்கு விளங்காமற் போவதை ஆங்கிலேயரே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குறையென உணர்ந்தனர். பிரித்தானியக் கருவூலத்தின் வேண்டுகோளின்படி ஏர்னசுட்டு கவர்சு என்னும் ஆட்சியாளர், அரசு ஊழியர்களுக்கென எழுதிய 'பிளெயின் வேர்ட்சு' என்னும் நூல் 1948இல் வெளிவந்தது. எழுதுவோன் தான் கருதுவதைப் படிப்போன் உடனே உணருமாறு எழுதுதல் வேண்டும் என்பதே அந்நூலின் உயிர்நிலை. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியா விடுதலை பெற்றது. ஆங்கிலேயர் தம் அலுவலக நடையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிய வேளையில், இந்திய மொழிகள் திருத்தப்பெறாத பழைய நடையை மாதிரியாகக் கொண்டு தம் அலுவலக நடையை அமைக்கத் தலைப்பட்டன.

பிறிதொரு செய்தியும் ஈண்டுச் சுட்டத்தக்கது. 'நீட்ஃபுல்' என்னும் சொல்லுக்கு ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'பணம்' என்னும் பொருளும் முன்னர் இருந்தது. அகரமுதலிகள் அதனைப் பதிவு செய்துள்ளன. அப்பொருள் இங்கிலாந்தில் வழக்கொழிந்தது. இந்திய அலுவலகங்கள் சிலவற்றில் அது வழக்கொழிந்ததா என்பதை மனுக் கொடுத்தவரே அறிவர்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழ் அலுவலக மொழியாயிற்று. அதனையொட்டி ஆட்சிச்சொல் அகராதிகளை உருவாக்கியவர்களின் உழைப்பு குறைத்து மதிப்பிடற்குரியதன்று. கீ. இராமலிங்கனார் போன்றோர், நகராட்சிப் பணியில் இருந்துகொண்டே, கோப்பில் வந்த ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல் தேடினர். தமிழில் ஆட்சி நடத்த இயலாது என்று சொன்னோர்க்கு அவர்தம் பணி செயலால் தந்த விடை. ஆயின் அப்பணி இயல்பிலேயே சொல்லுக்குச் சொல் தேடும் பணியாக அமைந்தது. ஆங்கில மடலின் கட்டமைப்பு அப்படியே இருக்க, அதன் செங்கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. அன்றைய நெருக்கடியில் அதற்குமேல் எதிர்பார்த்தல் முறையன்று. அடுத்த தலைமுறையினர் செய்திருக்க வேண்டிய பணி, கட்டமைப்பை மாற்றுவது. அவர்களோ செங்கற்களை எண்ணிப் பெருமிதம் கொள்வதோடு அமைந்தனர்.

இதன் விளைவுகளுள் 'ஆவன செய்க' ஒன்று மட்டுமே. பள்ளி மாணவன் தன் விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதுகிறான். வணிகர் ஒருவர் மற்றொரு வணிகருக்குத் 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிக்கிறார். தமிழ்நாட்டில் எந்த மகனும் தந்தையிடம் தன்னைக் கீழ்ப்படிதலுள்ள மகன் என்று சொல்லிக்கொள்வதில்லை. எந்த நண்பரும் தம்மை உண்மையுள்ளவர் எனத் தாமே சான்றளித்துக் கொள்வதில்லை. சொற்கள் தமிழ், சொல்லும் முறை தமிழருக்கு உரியதன்று. இவற்றால் எவருக்கும் பெருந்தீங்கில்லை என்பதால் விட்டுவிடலாம். 'ஆவன செய்க' அவ்வாறு விடத்தக்கதன்று.

எட்டு முதனிலைகள்

தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ்வதற்கு முதனிலைகளாக எட்டனைக் குறிப்பர். வினை, அதனைச் செய்யும் வினைமுதல், செயப்படுபொருள், நிகழும் நிலம், காலம், துணையாகும் கருவி, இன்னதற்கு என்பது, இதனால் வரும் பயன் என்பன அவை. வேற்றுமைப் பொருள்களை விளக்க வந்த இப்பகுப்பை, விண்ணப்பம் ஒன்றை அளக்கும் அளவுகோலாகவும் கொள்ள இயலும். ஏனெனில் விண்ணப்பம் என்பது ஒரு தொழில் நிகழவேண்டும் எனக் கேட்பதே.

'ஆவன செய்க' என்பதை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் தகும். வினை 'செய்தல்', எல்லா வினைகளுக்கும் பொதுவாகி, எதனையும் சிறப்பாகக் குறியாத வினை. வினைமுதல் யார் என்பது தொடரில் இல்லை. மடலின் தலைப்பில் உள்ள பதவிப் பெயரைக் கொண்டு உய்த்துணர வேண்டும். அப்பதவியினர் மடலை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டால் வினைமுதல் மாறும். மாறியது மனுதாரர்க்குத் தெரியாது. செயப்படுபொருள் 'ஆவன', அது எது என்பதே கேள்வி, அதுவே விடையாக நிறுத்தப்படுகிறது. நிலம் இல்லை. காலம் இல்லை, நாளைக்கா, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னா என்பதற்குக் குறிப்பே இல்லை. கருவி இல்லை, எந்த விதியின்படி, எந்த ஆணையின்படி என்னும் வினாவிற்கு இடமில்லை. இன்னதற்கு என்பதும் இதுபயன் என்பதும் இல்லை.

வழக்கில் குன்றுவன குன்றும் என அடுத்த நூற்பாவே இசைவு தந்துள்ளதே என இலக்கணம் வல்லோர் தடை எழுப்பக்கூடும். குன்றத்தக்கவை குன்றும் என்பதே அவ்விசைவு. இருவர் ஒரே களத்தில் நின்று பேசும்போது நிலமும் காலமும் குன்றலாம். களம் அவற்றைத் தரும். உழவன் தன் மகனிடம் 'மடையைத் திற' என்றால் எந்த மடை, எப்போது என்பன சொல்லாமலே விளங்கும். மனுவை எழுதியவரும் படிப்பவரும் ஒரே களத்தில் இல்லை. பல நேரங்களில் ஒரே ஊரிலும் இல்லை. அவர்களுக்கிடையே உள்ளது ஒரு தாள் மட்டுமே. தாளில் குன்றியதைத் தருவதற்கு வேறெதுவும் அங்கே இல்லை.

'ஆதல்' என்னும் வினைக்குத் தகுதல் என்ற பொருளும் உண்டாகலின், 'ஆவன' என்பது 'தக்கவை' எனப் பொருள்பட்டு நிறைவு தரும் என்பது மற்றொரு விடை. பொருள் உண்மையே. ஆயின் தக்கது எது என்பதைத் துணிபவர் யார்? அவ்வுரிமையை மனுதாரர் தம் கையெழுத்தோடு அலுவலரிடம் ஒப்படைத்துவிடுகிறார். அலுவலர் கோப்பைப் பார்த்து 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என முடித்துவிடின், அதுவும் அவர் கருத்தில் ஆவனவற்றுள் ஒன்றே. கேட்டது மறுக்கப்பட்டது என்று மனுதாரர் வாதிடவும் இயலாது. அவர் எதையும் கேட்கவே இல்லை. மேலும், 'ஆ' என்னும் பகுதி தன்வினை. செய்பவன் இன்றியும் ஆகக்கூடியவை உலகில் பல உள்ளன. மழை வருதலும் கோப்பு மட்கிப் போதலும் ஆவனவே.

வள்ளுவர் வாக்கையும் துணைக்கு அழைப்போர் உளர். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே 'ஆவது' பேசப்படுகிறது என்பர். அவ்விடத்தில் ஆவது தனித்து நிற்கவில்லை என்பதை அவர்கள் நோக்கவில்லை. அழிவதும், அழிந்தபின் ஆவதும், ஆகிப் பின்னர்ப் பயக்கும் ஊதியமும் ஒருங்கே வைத்து எண்ணப்படல் வேண்டும் என்பதே அக்குறளின் கருத்து. அஃதாவது, ஆவது என்பது அங்கே கணக்கிடப்படும் ஒரு பொருள். அதே அதிகாரம், செய்யத்தகாததைச் செய்வதோடு செய்யத்தக்கதைச் செய்யாமையையும் கேட்டிற்குக் காரணமாக வைத்து எண்ணுகிறது. செய்யாமையைக் குற்றமாகக் காட்ட வேண்டுமெனில், செய்யத்தக்கது இன்னது என முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். 'ஆவன செய்க' அவ்வரையறைக்கு இடமளிக்காத தொடர்.

மனுவின் வழி

முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு மூதாட்டியின் மனுவை எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அவர் அதனைத் தருகிறார். அலுவலக வாயிலில் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவர் அதனை எழுதியிருப்பார். வறுமை, தனிமை, நோய் ஆகியன விரிவாக இருக்கும். அவை உண்மையும்கூட. இறுதியில், 'எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். எந்த மாதம் முதல் தொகை நின்றது, எந்தக் கணக்கில் வந்துகொண்டிருந்தது, நிறுத்தியதற்கு ஆணை ஏதும் கிடைத்ததா என்பன இரா. மனு எழுதுபவர் இவற்றைக் கேட்க அறியாதவரல்லர். அவர் கையிலுள்ள வாய்பாட்டில் இவற்றிற்கு இடமில்லை.

ஆட்சியர் அலுவலகம் மனுவிற்கு எண் இட்டு, 'தக்க நடவடிக்கைக்காக' சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து 'விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்க' வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு முகப்புக் கடிதம். ஒவ்வொரு கடிதத்திலும் 'ஆவன', 'தக்க', 'உரிய', 'தேவையான' ஆகிய நான்கு அடைகளுள் ஒன்று. நான்கும் ஒரே வெறுமையின் நான்கு பெயர்கள். மூதாட்டிக்குக் கிடைக்கும் விடை, 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்பது. செயப்பாட்டுவினையில் வினைமுதல் மறைந்தது. அடையில் செயப்படுபொருள் மறைந்தது. எழுத்தளவில் அவர் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றே. 'ஆவன செய்க' என்றார். 'ஆவன செய்யப்பட்டது' என்றனர். குறை கூற இடமேது?

இஃது அலுவலர்களின் நேர்மையின்மையால் மட்டும் விளைவது எனக் கூறின் பொருந்தாது. நேர்மையான அலுவலரும் இம்மனுவைக் கொண்டு விரைந்து எதனையும் செய்துவிட இயலாது. அவர் முதலில் மனுதாரர் என்ன கேட்கிறார் என்பதைக் கண்டறிய வேண்டும்; அதற்கு ஒரு விசாரணை, அவ்விசாரணைக்கு ஒரு கடிதம். நேர்மையற்ற அலுவலருக்கோ இத்தொடர் சிறந்த அரண்.

தமிழ் ஆட்சிமொழியாக இருந்த பழங்காலத்தில் எழுத்து இவ்வாறு இயங்கவில்லை என்பதற்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சான்று. உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. 'தகுதியுடையோரைத் தேர்க' என்று அவை விட்டுவிடவில்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, முன்னர் வாரியம் செய்தோர்க்கு இடைவெளி என ஒவ்வொன்றும் அளவோடு கூறப்பட்டுள்ளது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். எந்தெந்த உறவினர் என்பதும் விரித்துரைக்கப்பட்டது. முதற்கல்வெட்டில் வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது, இரண்டே ஆண்டுகளில் 35க்கு மேல் 70க்குள் எனத் திருத்தப்பட்டுள்ளமை கருதற்பாலது. எண்ணைச் சொல்லியிருந்தமையால்தான் அதனைத் திருத்த இயன்றது. 'தக்க வயதினர்' என்றிருப்பின் திருத்துவதற்கு அங்கே எதுவும் இருந்திராது.

லெய்டன் பெரிய செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப்பகுதியும் இத்தகையதே. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்த செய்தி, மன்னன் வாய்மொழியிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து வரிப்புத்தகத்திற்கும், அங்கிருந்து நாட்டாருக்கும் சென்ற வழி முழுவதும் அதில் உண்டு. எழுதினவர், ஒப்பிட்டவர், உடனிருந்தவர் ஆகியோர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நிலத்தின் அளவும் அதனால் வரும் நெல்லின் அளவும் சிறு கூறுகள் வரை குறிக்கப்பட்டன. பெண்யானையை நடத்தி எல்லை கண்டு, கள்ளியும் கல்லும் நட்ட பின்னரே ஆணை நிறைவேறியதாகக் கருதப்பட்டது. அக்கால ஆட்சி குற்றமற்றது என்பது இதனாற் பெறப்படாது. அவ்வெழுத்துகள் பெரிதும் நிலமுடையோர்க்கும் கோயில்களுக்கும் உரியவை, எளியவர் குரல் அவற்றில் அரிதே. ஆயினும் தமிழில் அலுவலக நடை என்றொன்று இருந்தது; அதன் அடிப்படை வரையறுத்துச் சொல்லுதல். புதிய ஆட்சித்தமிழ் தனக்கு முன்மாதிரியாகக் கொண்டது அதனையன்று.

பணிவு என்னும் வாதம்

இத்தொடரைக் காப்போர் இறுதியாகக் கைக்கொள்வது பணிவு என்னும் வாதம். உயர்ந்தோரிடம் 'இன்னதைச் செய்க' என்று நேர்படக் கேட்பது தமிழ் மரபன்று. அவர்தம் அறிவிற்கு விட்டுவிடுவதே பண்பாடு என்பர். இவ்வாதம் ஒருவகையில் ஈர்ப்புடையது. ஆனால் பாணாற்றுப்படையும் புறநானூறும் பயின்றோர் இதனை எளிதில் ஏலார். பரிசில் கேட்டு வந்த புலவர், அரசன் எதிரிலேயே தம் வறுமையை வரையறுத்துச் சொன்னார். காலம் தாழ்த்தியபோது சினந்தும் பாடினார். தகுதிக்குக் குறைந்த பரிசிலை ஏலாமல் மீண்டவரும் உண்டு. பரிசில் கடாநிலை என ஒரு துறையே வகுக்கப்பட்டிருக்க, தெளிவாகக் கேட்டல் தமிழ் மரபன்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

அன்றியும், அலுவலருக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு புரவலன், இரவலன் உறவன்று. உதவித்தொகை சட்டப்படி ஏற்படுத்தப்பட்ட திட்டத்தின் பயன். அது கருணையால் அளிக்கப்படும் கொடையன்று. உரிமையைக் கேட்பவன் பணிவாகவும் கேட்கலாம், தெளிவாகவும் கேட்கலாம். இரண்டும் முரண்பட்டவை அல்ல. 'ஆவன செய்க' என்பதில் பணிவு இருப்பதாகத் தோன்றுவது, கேட்பவர் தம் கோரிக்கையையே விட்டுக்கொடுத்துவிடுவதால்தான்.

இந்திய மொழிகள் பலவற்றிலும் இத்தகைய தொடர் உள்ளமையால் இதனை இந்தியப் பொது மரபாகக் கொள்ளலாமே என்பாரும் உளர். இந்திக் கோப்புகளில் 'ஆவசியக கார்ரவாயி' எழுதப்படுகிறது. மலையாள விண்ணப்பங்களில் 'வேண்ட நடபடிகள்' எடுக்குமாறு கேட்கப்படுகிறது. தமிழகத்திற்கு வெளியே பணியாற்றும் தமிழாசிரியர்கள் இவற்றை நாள்தோறும் காண்பவர்கள். ஒற்றுமை உண்மையே. எனினும் இவ்வொற்றுமைக்கு மூலம் இம்மொழிகளின் பொதுப் பண்பாடு எனக் கொள்வதற்கு முன், அவை அனைத்தும் ஒரே அலுவலகத்தில், ஒரே மொழியின் மடல்களைப் பார்த்து எழுதப் பழகியவை என்பதை நினைத்தல் வேண்டும். ஒரே அச்சில் வார்த்தவை ஒத்திருத்தல் வியப்பன்று.

இந்நடைக்கு மாற்று உண்டா என வினவுவோர்க்குச் சட்டமே ஒரு விடை தந்துள்ளது. தமிழ்நாட்டில் 1997இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவர் தாம் வேண்டும் தகவலின் விவரங்களைக் குறித்தல் வேண்டும் என்கிறது. எதற்காக வேண்டும் எனக் காரணம் கேட்டலாகாது என்கிறது. விண்ணப்பம் வேறு அலுவலகத்திற்கு உரியதாயின் 5 நாள்களுக்குள் மாற்றி அனுப்பப்படல் வேண்டும். 7ஆம் பிரிவின்படி 30 நாள்களுக்குள் விடை தரப்படல் வேண்டும். தக்க காரணமின்றித் தவறும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க 20ஆம் பிரிவு இடந்தருகிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டதை எழுத்தாக்க உதவும் கடமையும் அவ்வலுவலருடையதே. தொல்காப்பியர் கூறும் முதனிலைகளுள் வினைமுதல், செயப்படுபொருள், காலம் ஆகிய மூன்றையும் இச்சட்டம் விண்ணப்பத்திற்குள் மீட்டுக் கொணர்ந்துள்ளது. இச்சட்டத்தின்கீழ் 'ஆவன செய்க' என எழுதுபவர் எதனையும் பெறார். வினா, ஆவண எண், நாள் ஆகியவற்றைக் குறித்து எழுதக் கற்றுக்கொண்டோர், தமிழ்த்துறை எதுவும் கற்பிக்காமலே, ஒரு புதிய அலுவலகத் தமிழை உருவாக்கி வருகின்றனர்.

இங்குத்தான் தமிழ்த்துறைகளின் பொறுப்பு எழுகிறது. 'பயன்பாட்டுத் தமிழ்', 'அலுவலகத் தமிழ்' என்னும் பெயர்களில் தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கடிதம் எழுதுதல் பற்றிய அலகில், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என உறுப்புகள் கற்பிக்கப்பட்டபின், இறுதி வரிக்கு 'ஆவன செய்யுமாறு' என்பதே வாய்பாடாகத் தரப்படுகிறது. தேர்வில் ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துத் தமிழாக்கம் கேட்கும் வினாவில் 'டூ த நீட்ஃபுல்' இடம்பெறின், 'ஆவன செய்க' என எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் உண்டு. அம்மாணவரே பின்னாளில் எழுத்தராக அமர்ந்து முகப்புக் கடிதம் வரைகிறார். மனு எழுதிக் கொடுப்பவரும் எங்கோ ஒரு பள்ளியில் இதே பாடத்தைப் படித்தவர்தாம். கருத்தரங்கிற்குச் செல்ல வழிச்செலவு வேண்டிப் பதிவாளருக்கு எழுதும் பேராசிரியரும் 'ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்றே முடிக்கிறார். தொகை வராதபோது அலுவலகத்தைக் குறை கூறுகிறார்.

மேற்குறித்த மூதாட்டியின் மனுவில் இறுதி வரி பின்வருமாறு இருந்திருக்கலாம்: 'இவ்வாண்டு மார்ச்சு மாதம் முதல் நின்றுபோன உதவித்தொகையை நிலுவையுடன் சேர்த்து, இம்மனு கிடைத்த 30 நாள்களுக்குள், மேலே குறித்துள்ள என் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். செலுத்த இயலாதெனின், நிறுத்தி வைத்த அலுவலர் யார், எந்த ஆணையின்படி என்பதை எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.' இதில் பணிவு குறையவில்லை, அருஞ்சொல்லும் இல்லை. முகப்புக் கடிதம் எழுதும் எழுத்தர் இவ்வரியைத் 'தக்க நடவடிக்கை' எனச் சுருக்கின், எதனைச் சுருக்கினார் என்பது கோப்பிலேயே வெளிப்படும்.

அலுவலகத் தமிழ்த் தாளில், தமிழாக்கத்திற்கான தொடர்ப்பட்டியலை நீக்கி, அதன் இடத்தில் இத்தகைய மனுக்களைத் திருத்தி எழுதும் பயிற்சியை வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை எதற்கும் இயல்வதே. அதற்கென ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டம் போதும். அக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதனைச் சேர்க்குமாறு துறைத்தலைவருக்கு எழுதப்படும் மடலிலும் எந்தத் தாள், எந்த அலகு, எந்தப் பருவம் முதல் என்பன குறிக்கப்படல் வேண்டும்.